படியளந்த அரண்மனை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். பாரசீகத்தின் பெர்செபோலிஸ் அரண்மனை அடிமைகளே இல்லாமல் கட்டப்பட்டதாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியாம், பிரசவ விடுப்புகூட உண்டாம். முழுப் பொய்யாக இருந்தால் கடந்து போயிருப்பேன். பாதி உண்மை, அதுதான் தொல்லை.

ஈரானில் ஷீராஸ் நகருக்கு வடகிழக்கே இருக்கிறது இந்த இடம். கி.மு. 518 வாக்கில் பாரசீக அரசர் முதலாம் டேரியஸ் கட்டத் தொடங்கினார். மகன், பேரன் காலத்திலும் வேலை ஓயவில்லை. மலையடிவாரத்தைச் செதுக்கியும் நிரப்பியும் ஒரு பெரிய மேடை. ஏறிப்போக இரண்டு பக்கமும் 111 படிகள். படி ஒவ்வொன்றும் அரைச் சாண் உயரம்தான். குதிரையோடு ஏறுவதற்காக என்று ஒரு கதை உண்டு. தரையில் புரளும் அங்கியோடு பெரிய மனிதர்கள் தடுக்கி விழாமல் ஏறத்தான் என்பது என் கட்சி.

அபதானா என்ற சபை மண்டபத்தில் 72 தூண்கள், சுமார் 20 மீட்டர் உயரம். தூணின் தலையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைக் காளை. நடுப்பள்ளத்தில் உத்தரம் உட்காரும். தூண் கல், உத்தரம் மரம். கி.மு. 330இல் அலெக்சாண்டர் படை வைத்த தீக்கு அந்த மரம் போதுமானதாக இருந்தது. இன்று நிற்பவை 13 தூண்கள்.

அபதானாவின் படிக்கட்டுச் சுவர்ச் சிற்பங்களில் 23 நாட்டுக் கூட்டங்கள் காணிக்கையோடு வரிசையில் வருகின்றன. சிந்துப் பக்கத்து ஆள் ஒருவர் மேலாடை இல்லாமல், இடுப்பில் வேட்டி, தோளில் நம் ஊர்க் காவடி மாதிரி இரண்டு கூடைகளோடு நடக்கிறார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, விலங்கு மாட்டவில்லை. ராஜா தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை இது. ஃபார்வர்டு எழுதியவரும் இந்தச் சுவரை அப்படியே நம்பிவிட்டார் போல.

எனக்கு அந்தச் சுவரைவிட அங்கே கிடைத்த, எழுத்துப் பதித்த களிமண் சில்லுகள்தான் பெரிது. 1933இல் மேடையின் கோட்டைச் சுவருக்குள் கிடைத்தவை, துண்டுகளோடு சேர்த்தால் பல்லாயிரம். பெரும்பாலும் எலாமிய மொழி, கி.மு. 509 முதல் 493 வரையிலான கணக்கு. அரண்மனை கட்டிய கூலிப் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு பீர் என்று அந்த வட்டாரம் முழுவதற்கும் படியளந்த ரசீது. உள்ளங்கையில் அடங்கும் மண்கட்டி, ஓரத்தில் நூல் போன தடம், மேலே முத்திரை.

அதில் பிள்ளை பெற்றவளுக்குத் தனிப் படி இருப்பது உண்மை. ஆனால் ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 10 பங்கு என்றால் பெண் பிள்ளை பெற்றவளுக்கு 5 பங்கு. இது ஃபார்வர்டில் இல்லை. கூலியும் அப்படித்தான்: சில வேலைகளில் சமம், பல இடங்களில் பெண்ணுக்குக் குறைவு. ஆனால் பெண்கள் குழுவின் தலைவி சாதாரண ஆணைவிட நிறையவே வாங்கியிருக்கிறாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாதாரண ஆணுக்கு மாதம் சுமார் 30 லிட்டர் பார்லி. இந்த நிர்வாகத்தின் தலைவர் பர்னாகாவுக்கு ஒரே நாளில் 90 லிட்டர் திராட்சை மது, 180 லிட்டர் மாவு, 2 ஆடு! பரிவாரத்துக்கும் சேர்த்துத்தான் என்றாலும் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. இதே பர்னாகா ஒரு சில்லில், என் பழைய முத்திரை மாற்றப்பட்டுவிட்டது, இனி இதுதான் என் முத்திரை என்று சுற்றறிக்கை விடுகிறார். 2500 வருஷத்துக்கு முந்தைய ஆபீஸ் வேலை.

தொழிலாளர்களை இந்தச் சில்லுகள் குர்தாஷ் என்கின்றன. எகிப்தியர், திரேசியர், லிசியர் என்று தூர தேசத்து ஆட்கள் அவர்களில் ஏராளம். விரும்பி வந்தார்களா, பிடித்து வந்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். "அடிமைகளே இல்லை" என்று ஒரே வரியில் அடிக்க முடியாது.

இவ்வளவையும் குழுவில் தட்டச்சு செய்து அனுப்பினேன். சித்தப்பா ஒரு கட்டைவிரல் வைத்தார். பத்து நிமிஷம் கழித்து அதே ஃபார்வர்டை அத்தை போட்டிருந்தார்.