மைக்குரோவேவ் வெப்பமானி உடம்புக்குள் ஒன்றையும் அனுப்பாது

அண்ணை, "மைக்குரோவேவில காய்ச்சல் பாக்கிற மிசின் சாப்பாடு சூடாக்கிற அவண் மாதிரி உள்ளுக்குச் சூடாக்கும், நெற்றியில பிடிக்கிற துவக்கும் அதுதான்" எண்டு மேலே எழுதியிருக்கிறியள். இரண்டுமே பிழை.

அவண் நூற்றுக்கணக்கான வாற்றை அனுப்புது. மைக்குரோவேவ் வெப்பமானி உடம்பு தானாக வெளிவிடுகிற நுண்ணலையை வாங்கிறது மட்டும்தான். 100 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைவரிசையில் 37 பாகை உடம்பிலிருந்து கிடைப்பது, ஒரு வாற்றை இலட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கின் பாதிகூட இல்லை. உண்மையான தலையிடி அங்கைதான்: 0.1 பாகை மாறினால் அந்தச் சக்தி ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். அந்தச் சக்தியைப் பெரிதாக்கிற பெருக்கி கொஞ்சம் சூடேறினாலே அதைவிடக் கூட அலையும். அதாலதான் அமெரிக்க பௌதிகவியலாளர் ரொபேர்ட் டிக்கி 1946இல் விளக்கிய முறையில், வெப்பநிலை தெரிந்த ஒரு சுமைக்கும் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற தடைக்கும்) அன்ரனாவுக்கும் இடையில் ஆளி ஓயாமல் மாறிமாறிப் போடும். வித்தியாசத்தை மட்டும் எடுப்பினம்.

1–4 கிகாஹேர்ட்ஸில் தசைக்குள் ஓரிரு சென்ரிமீற்றர் ஆழந்தான் தெரியும், கொழுப்பில் அதைவிட ஆழமாகத் தெரியும். வருவது தோலையும் சேர்த்த சராசரி. அன்ரனாவுக்கும் தோலுக்கும் இடையில் காற்று இருந்தாலோ, பக்கத்தில் போன் இருந்தாலோ அளவு கெட்டுப்போகும்.

நெற்றியில பிடிக்கிற துவக்கு மாதிரியான வெப்பமானி வாங்கிறது அகச்சிவப்புக் கதிரை. தோலின் மேற்பரப்பு மட்டுந்தான். கிளிநொச்சி வெயிலுக்கை வயலால வந்தவருக்குக் கூட்டிக் காட்டும், வியர்த்திருந்தால் குறைச்சுக் காட்டும். நிழலில் அரைமணித்தியாலம் இருத்தி, நெற்றியைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கோ. சந்தேகமெண்டால் நாக்குக்குக் கீழ் டிஜிட்டல் வெப்பமானி.