அடி விழுந்த நாளில் இருந்து ஒரு மாதம்

ஒக்டோபர் 1, சிறுவர் தினம் வந்தால் "சிறுவர்களின் அடிப்படை உரிமைகளைக் காப்போம்" என்று பனர் கட்டுகிறோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைக்கு அடித்தால், சட்டத்தில் அந்த உரிமை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கோ. அடிப்படை உரிமைகள் அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில். பிள்ளைகளின் நலனை அரசு விசேடமாகக் கவனிக்கவேண்டும் என்ற வரியோ ஆறாம் அத்தியாயத்தில், 27(13)இல் கிடக்கிறது. அதைக் காட்டி வழக்குப் போட ஏலாது என்று 29ஆம் உறுப்புரையே சொல்லிவிடும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தை மட்டும் வைத்தும் வழக்காட முடியாது.

மிஞ்சுவது பெரியவர்களுக்கும் உள்ள 11ஆம் உறுப்புரை: கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக்கூடாது. ஆசிரியர் அறைந்ததில் மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

இந்த அடிப்படை உரிமை மனு, அடி விழுந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எங்கட ஆக்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் கிழமை அதிபர் கூப்பிட்டுக் கதைப்பார். அடுத்த கிழமை பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர் வீட்டுக்கு வந்து, "வாத்தியாரின்ர பென்சனில கை வைக்காதேங்கோ தம்பி" என்பார். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரணைக்குத் திகதி. மாதம் முடிந்துவிடும்.

அன்றைக்கே பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. "விளையாடேக்க விழுந்திட்டான்" என்று மானத்துக்குப் பயந்து சொன்னால் அதுதான் துண்டில் ஏறும், பிறகு அழிக்கேலாது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வையுங்கோ. அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காசு இல்லை. 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்குக் கடிதம் கையில் வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு. ரியூசன் கொட்டிலில் விழுந்த அடி அரச நிர்வாகத்தின் செயல் அல்ல, ஆகவே அடிப்படை உரிமை மனு நிற்காது. அதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ இருக்கிறது, சிறுவரைக் கொடுமைப்படுத்தல். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போங்கோ, இல்லாவிட்டால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929க்கு எடுங்கோ. ராத்திரியிலும் எடுக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம்.