அம்மாவின் சுண்டுவிரல்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் ரேஷன் கடையில் நேற்று அம்மாவுக்கு மறுபடியும் ரேகை விழவில்லை. கட்டைவிரலை வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், பிறகு இடது கை. ஒவ்வொரு தடவையும் முந்தானையில் துடைத்து, வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டார். "கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாருங்கள் அக்கா" என்று பின்னாலிருந்து ஒரு யோசனை வேறு. கடைசியில் என் போனுக்கு ஓடிபி வந்தபிறகுதான் அரிசி கிடைத்தது.

35 வருடம் கொழுந்து பறித்த கை அது. தேயிலைக் கறை ஏறி, வெடித்து, தேய்ந்த தோல். ரேகை என்பதே தோலின் மேடும் பள்ளமும்தான். மேடு தேய்ந்துவிட்டால் கருவி எதைப் படிக்கும்? போதாக்குறைக்கு வயது. மார்கழி உறைபனியில் விரல் இன்னும் வறண்டுபோகும்.

இதெல்லாம் புரிகிறது. ஆனால் தோற்றது கருவி என்று யாரும் சொல்வதில்லையே! "உங்கள் விரல் சரியில்லை" என்கிறார்கள். தொட்ட மாத்திரத்தில் கொழுந்து எது, முற்றிய இலை எது என்று சொல்லிவிடும் அந்தக் கையைப் பார்த்து அம்மாவே இப்போது, "கெட்டுப்போய்விட்டது" என்கிறார்.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதிய வைத்தார். போட்ட கையெழுத்தைப் பிறகு மறுத்துவிடக் கூடாதாம். மனிதனின் சொல்லைச் சந்தேகித்தாலும் அன்று கையை நம்பினார்கள். எழுதத் தெரியாத என் பாட்டிக்கும் கைநாட்டுதான் கைகொடுத்தது. இன்று 20 வருடமாக அம்மாவைத் தெரிந்த கடைக்காரர் எதிரிலேயே நிற்கிறார். அவர் அடையாளம் சொன்னால் செல்லாது.

என் போன் மட்டும் நான் தொட்டதும் திறந்துகொள்கிறது. கீபோர்டைத் தவிர வேறெதையும் தொட்டுத் தேயாத விரல் அல்லவா, அதற்கு மரியாதை உண்டு! கருவிழியைப் படிக்கும் கருவி பல கடைகளுக்கு வந்துவிட்டது. எங்கள் கடைக்கும் சீக்கிரம் வரட்டும்.

இன்று காலை தோட்டத்துக்குப் புறப்படும்போது அம்மா பழைய சேலைத் துணியைக் கிழித்து இடது கைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அடிபட்டுவிட்டதா என்று பதறிக் கேட்டேன்.

"இல்லையப்பா. ஆதார் எடுத்தபோது பத்து விரலையும்தானே பதிந்தார்கள்? இந்த ஒன்றையாவது மிஷினுக்கு வைத்துக்கொள்கிறேன்."