பிக் 12 ஃபைனல்ல தோத்தா சீசன் முடிஞ்சுதா?

மேல ஒருத்தர் கான்ஃபரன்ஸ் (அமெரிக்க காலேஜ் டீம்களோட லீக், பிக் 12 அதுல ஒண்ணு) டோர்னமென்ட் ஜெயிக்கிற டீம் மட்டும்தான் என்சிஏஏ (தேசிய அளவு காலேஜ் டோர்னமென்ட்) போகும், அதனால 2024 பிக் 12 ஃபைனல்ல ஓக்லஹோமாகிட்ட தோத்ததுமே டெக்சாஸ் யுனிவர்சிட்டி பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) டீமோட சீசன் அங்கயே முடிஞ்சதுன்னு போட்டிருக்காரு, கீழ நிறைய பேரு அத அப்படியே சொல்லிட்டு வர்றாங்க. தப்பா நினைக்காதீங்க, அது சரியில்லங்க.

டெக்சாஸ் அந்த ஃபைனல்ல தோத்தது உண்மைதான். ஆனா என்சிஏஏல மொத்தம் 64 டீம், அதுல கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம் உண்டு, மீதி இடத்துக்கு செலக்‌ஷன் கமிட்டி முழு சீசனையும் பாத்து ஆள் எடுக்கும். அப்படித்தான் டெக்சாஸ் உள்ள வந்துச்சு, அதுவும் சும்மா இல்ல, நம்பர் 1 சீட் (கமிட்டி கொடுக்கிற தரவரிசைல முதல் இடம்), ஜெயிச்ச ஓக்லஹோமாவுக்கு நம்பர் 2. அதே ரெண்டு டீமும் பிக் 12 ஃபைனல் நடந்த அதே ஓக்லஹோமா சிட்டி டெவன் பார்க் மைதானத்துல, என்சிஏஏவோட கடைசிக் கட்டமான உலக சீரிஸ் ஃபைனல்ல மறுபடி மோதிச்சு, ஓக்லஹோமா 8-3, 8-4ன்னு ஜெயிச்சு வரிசையா நாலாவது கப் எடுத்தாங்க. வருஷம் முழுக்க டெக்சாஸ் பொண்ணுங்க ஆடின ஆட்டத்த ஒரே தோல்வியில அழிச்சிடக் கூடாதுங்க.

நீங்களே பாக்கலாம், என்சிஏஏ சைட்ல 2024 டிவிஷன் 1 சாஃப்ட்பால் பிராக்கெட்ட (எந்த டீம் யாரோட மோதுதுன்னு காட்டுற அட்டவணைய) திறங்க, டெக்சாஸ் பேருக்குப் பக்கத்துல சின்னதா 1ன்னு இருக்கும். அப்புறம் பிக் 12 சைட்ல அதே வருஷ மே மாச ஃபைனல் ஸ்கோரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.