லைவ் ராக்கைக் கழுவினால் மட்டும் போதாது

தம்பி, லைவ் ராக் எண்டால் கடல்மீன் தொட்டியில வைக்கிற, பக்டீரியாவும் சின்னக் கடலுயிர்களும் வாழுற கல்லு. அதைக் “குழாய்த் தண்ணியில கழுவி அன்றைக்கே மீனோட போடலாம்” எண்டு எழுதியிருக்கிறீங்கள். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. கொழும்புக் குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு. மீன்கழிவைச் சுத்தமாக்கிற, எங்களுக்கு வேண்டிய பக்டீரியாவையே அது கொல்லும். கல்லு வந்து சேரேக்கயே அதில இருக்கிற பஞ்சுயிர், புழு எல்லாம் செத்து அழுகத் தொடங்கும், மீனுக்கு நஞ்சான அமோனியா தண்ணியில ஏறும். வெள்ளவத்தையில என்ர தொட்டியில அவசரப்பட்டு வச்ச கல்லில வெள்ளைப் படலம் படிஞ்சு கூழ்முட்டை நாத்தம் அடிச்சுது. ரெண்டு க்ளவுன் மீனும் விடியமுன்னம் செத்துப்போச்சு.

தனித் தொட்டியில 1.025 அடர்த்தி உப்புத்தண்ணி, ஹீட்டர், பம்ப் ஓடவிட்டு இருட்டில வையுங்கோ. செத்ததைப் பிரஷால தேய்ச்செடுத்துத் தண்ணி மாத்துங்கோ. சிலவேளை 6 கிழமையும் எடுக்கும். தண்ணியைச் சோதிச்சு, அமோனியா, அதில இருந்து உண்டாகிற நைட்ரைட் ரெண்டும் பூச்சியம் காட்டின பிறகுதான் மீனோட சேர்க்கலாம்.