எங்கட தீவையும் யுத்தம் தொட்டதுதான்

ரெண்டு நாளா எங்க பாத்தாலும் யாழ்ப்பாணத்துத் தீவான எங்கட நெடுந்தீவைப் பத்தி ஒரு தம்பி எடுத்துப் போட்ட அந்த வீடியோதான். எங்கட சொந்தக்காரப் பிள்ளையளே லவ் போட்டு ஷேர் பண்ணியிருக்கினம். குதிரை, பெருக்கு மரம், முருகைக்கல் வேலி எல்லாம் வடிவா எடுத்திருக்கினம், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா "யுத்தம் தொடாத தீவு" எண்டு கொட்டை எழுத்தில தலைப்புப் போட்டு, "இஞ்சத்தைச் சனத்துக்குச் சண்டையெண்டா என்னெண்டே தெரியாது" எண்டு அந்தத் தம்பி சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லேக்க எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது.

தம்பி, நீங்கள் நிண்டு அதைச் சொன்ன இடம் மாவிலித்துறை. அந்தத் துறையடியிலதான் குமுதினிப் படகில கொல்லப்பட்ட சனத்தின்ர நினைவுத்தூபி இருக்கு. கமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தா அதுவும் விழுந்திருக்கும்.

1985 மே 15. காலமை நெடுந்தீவில இருந்து புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவான் துறைக்கு வெளிக்கிட்ட குமுதினியை நடுக்கடலில மறிச்சாங்கள். நேவியின்ர படகில வந்தவங்கள் எண்டுதான் தப்பி வந்த சனம் சொன்னது. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வெட்டியும் குத்தியும் கொண்டாங்கள். அதுக்குள்ள பொம்பிளையள், கைக்குழந்தை, வயது போனதுகள், அரசாங்க உத்தியோகத்தர் எல்லாரும் இருந்தவை. இருபதுக்கும் மேல உயிர். இந்தச் சின்னத் தீவில அத்தனை உயிர் ஒரே நாளில போனா எத்தினை வீட்டில ஒப்பாரி கேட்டிருக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அண்டைக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வீட்டை ஓடுங்கோ எண்டு ரீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கு, ரோட்டில சனம் துறைப்பக்கம் ஓடினது ஞாபகம் இருக்கு. மிச்சத்தை நான் எழுத விரும்பேல்ல.

அந்த வீடியோவில உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்த மாமியை "கவலை தெரியாத மனுசி" எண்டு போட்டிருக்கிறியள். அவவின்ர தமையன் அண்டைக்கு அந்தப் படகில போனவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா. வந்த ஆக்களுக்கு முன்னால அழக்கூடாது எண்டு சிரிச்ச முகத்தோட தேத்தண்ணி தந்தவ, அவ்வளவுதான்.

பிறகு என்ன நடந்தது தெரியுமோ, அந்தக் குமுதினியைத் திருத்தி அதே படகைத்தான் திரும்ப ஓட விட்டினம். நாங்களும் அதிலதான் ஏறினம், வேற எதில போறது? ஆஸ்பத்திரிக்கும் அதுதான், சோதனை எழுதவும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான். எங்கட அம்மா கடைசி வரைக்கும் அந்தப் படகில உள்ளுக்க இறங்கி இருக்கேல்ல. மழை கொட்டினாலும் சோளகக் காத்துப் பெயர்ந்து கடல் எறிஞ்சாலும் மேலதான் நிப்பா. ஏனெண்டு நாங்கள் கேட்டதும் இல்லை, அவ சொன்னதும் இல்லை.

குமுதினி ஒண்டுதானே எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில வந்து கேட்டவர். ஒண்டுதானே! சரி அண்ணை, கேளுங்கோ. 1986 ஜூன் 10 மண்டைதீவுக் கடலில குருநகர்க் கடல்தொழிலாளியள் முப்பது பேருக்கு மேல கொல்லப்பட்டவை. 1990 ஆவணியில ஆமி இறங்கி மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கம் பிடிச்சுக்கொண்டு போன பெடியள், அதில எத்தினையோ பேர் இண்டை வரைக்கும் வீடு வந்து சேரேல்ல. 2006 மே 13 அல்லைப்பிட்டியில 13 பேர் கொல்லப்பட்டவை, சின்னப் பிள்ளையளும் சேத்து. அதே வருசம் ஆவணியில அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போனார், இண்டை வரைக்கும் தகவல் இல்லை. இதெல்லாம் தீவகம்தான், நெடுந்தீவு மாதிரி யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம்தான். தீவை யுத்தம் தொட்டது.

இன்னொரு ஆள் எழுதியிருக்கிறார், கடைசிச் சண்டை நடந்த வன்னிச் சனம் பட்டதைப் பாக்க நீங்கள் ஒண்டும் படேல்ல, நேவியோட சும்மா இருந்தவைதானே எண்டு. இதுதான் எனக்கு ஆக நோகுது. வன்னிச் சனம் பட்டதை நான் குறைச்சுக் கதைக்கமாட்டன். வன்னியில இருந்தது ஆர்? தண்ணியும் காணியும் இல்லையெண்டு நெடுந்தீவில இருந்து குடியேற்றத்துக்குப் போன எங்கட பெரியப்பா சித்தப்பாமாரின்ர பிள்ளையளும்தானே? என்ர அண்ணா யாழ்ப்பாணத்தில தங்கி ஏஎல் படிச்சவர், ஜாம்போத்தல் விளக்கில. 90, 91ல தீவெல்லாம் நேவியின்ர கைக்குப் போக, யாழ்ப்பாணம் இயக்கத்திட்ட, புலிகளிட்ட இருக்க, பாதை பூட்டுப்பட்டுது. தீவுப் பக்கம் வாற பண்ணைப் பாலம் பூட்டு, பொன்னாலைப் பாலம் பூட்டு. ஒரே மாவட்டத்துக்குள்ள அண்ணா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அம்மம்மா செத்த சேதி அவருக்குப் போய்ச் சேரேக்க ஒரு வருசத்து ஆட்டைத்திவசம் கிட்டினது. 95 ஐப்பசிக் கடைசியில யாழ்ப்பாணச் சனம் ஒரு ராத்திரியில வெளிக்கிட்டதே, அதோட அவரும் வன்னிக்குப் போனார். பிறகு 2009 கடைசிச் சண்டை, பிறகு தப்பின சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாம். திரும்பி வந்த மனுசனுக்கு இப்பவும் பட்டாசுச் சத்தம் கேட்டா கை நடுங்கும். அவர் வன்னிச் சனமோ தீவுச் சனமோ, பிரிச்சுச் சொல்லுங்கோ பாப்பம்.

நேவியோட சும்மா இருந்தது எண்டுறியளே, அது எப்பிடி இருந்தது எண்டு ஆரும் கேட்டதுண்டோ? அடையாள அட்டையைக் குடுத்துப்போட்டுக் கடலுக்குப் போகவேணும், சொன்ன நேரத்துக்குள்ள திரும்பவேணும், மீன் வாற நேரத்தில நீங்கள் கரையில நிக்கவேணும். குறிகட்டுவானில பையைக் கொட்டிக் காட்டவேணும், அரிசிக்குள்ள கை விட்டுக் கிளறுவாங்கள், எங்கட உடுப்பை ஒவ்வொண்டா எடுத்துப் பாப்பாங்கள், வளந்த பொம்பிளைப் பிள்ளை பேசாம தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கவேணும். குண்டு விழேல்லை எண்டதுக்காக அது சமாதானம் இல்லை. ராத்திரியில நாய் குலைச்சா வீட்டில மூச்சு விடமாட்டம்.

ஓம், ராத்திரியில ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கடுமையெண்டா நேவியின்ர படகிலதான் ஏத்தினம். என்ர மச்சாளும் அப்பிடித்தான் போனவ. அந்தப் படகை ஓட்டின பெடியனுக்கு நான் கும்பிட்டு நன்றியும் சொன்னனான். அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லை. அவன் ஒரு நல்ல பெடியன், எனக்குத் தெரியும். அதுக்காக 85ஐ மறக்கச் சொல்லுறது எந்த நியாயம்? நன்றியும் இருக்கு, அந்த நாளும் இருக்கு. ரெண்டும் எங்களுக்குள்ளதான் இருக்கு. கொழும்பிலயும் கனடாவிலயும் இருந்துகொண்டு எங்களைத் துரோகியெண்டு சொல்லுற ஆக்கள் ஒரு சோளகக் காலத்தில நோயாளியைக் கொண்டு அந்தத் துறையில விடிய மட்டும் நிண்டு பாருங்கோ.

பழசைக் கிளறாதையுங்கோ, ரூரிஸ்ட் வாறதைக் கெடுக்காதையுங்கோ எண்டும் நாலைஞ்சு பேர். வரட்டும், ஆர் வேண்டாமெண்டது? வாறவையின்ர காசில நல்ல லோஞ்ச் ரெண்டு ஓடினா, ஆஸ்பத்திரியில எப்பவும் ஒரு டொக்டர் நிண்டா, முதல் சந்தோசப்படுற ஆள் நான்தான். ஆனா காலமை வந்து பின்னேரம் போற ஆக்களுக்குச் சந்தோசமா இருக்கவேணும் எண்டதுக்காக நாங்கள் எங்கட செத்த சனத்தை ஒளிக்கேலாது. குதிரையைக் காட்டுறியள், ஒல்லாந்தர் கட்டின புறாக்கூட்டைக் காட்டுறியள். அது இருநூறு முன்னூறு வருசப் பழசு, அதைக் கிளறலாம். எங்கட மாமியின்ர தமையன் மட்டும் பழசாப் போட்டார்.

இந்த ஊர்ப் பிள்ளையளும் அந்த வீடியோக்குக் கீழ "ப்ரௌட்" எண்டு போட்டிருக்கிறதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. உங்களைக் குறை சொல்லேல்லை, வீட்டில நாங்கள் சொல்லித் தரேல்லை, பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் இல்லை. இனியெண்டாலும் பெரியாக்களிட்டக் கேளுங்கோ. மாமியிட்டக் கேளுங்கோ, அவ இருக்கேக்கயே கேளுங்கோ.

தலைப்பை மாத்தச் சொல்லி அந்தத் தம்பிக்கு மரியாதையாத்தான் கொமெண்ட் போட்டன். அழிச்சுப்போட்டினம். இண்டைக்குத் திரும்பப் போட்டிருக்கிறன், அழிச்சா நாளைக்கும் போடுவன். ஊர்ச்சனம் நீங்களும் போய்ப் போடுங்கோ, தூசணம் வேண்டாம், 1985 மே 15 எண்டு மட்டும் எழுதுங்கோ.