தனி அறையில் அவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்?

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வளர்ச்சியும் கற்றலும் மெதுவாக இருக்கும் நிலை) உள்ள ஒரு பையனைப் பள்ளியில் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அவனை வகுப்பிலிருந்து அனுப்பச் சொல்லி மற்ற பெற்றோரிடம் மனுவில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். அதைப் பற்றிப் பள்ளித் தரப்பு பேசிய அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "தனி அறை, தனி ஆயா எல்லாம் கொடுத்திருக்கிறோம், இன்னும் என்ன வேண்டும்?" கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன். அந்தப் பையனுக்குப் பக்கத்தில் அவன் வயதுப் பிள்ளைகள் வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது சீக்கிரம் பிடிபடும். அப்படிப்பட்ட பிள்ளையை நான்கு சுவருக்குள் வைத்தால் எதைப் பார்ப்பான்?

என் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். பேர் சொன்னால் பதில் சொல்ல, ஸ்பீச் தெரபியில் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். வரவில்லை. யூகேஜியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து "ப்ரசன்ட் மிஸ்" என்பதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாளாம். ஒருநாள் தன் பேர் வந்ததும் எழுந்து, கையைத் தூக்கி, "பெசன் மிஸ்" என்றிருக்கிறாள். மிஸ் போனில் சொன்னபோது அழுதுவிட்டேன். டிபன் பாக்ஸ் திறப்பது, வரிசையில் நிற்பது, சாப்பிட்டுக் கை கழுவுவது எல்லாம் அப்படி வந்தவைதான். தெரபிஸ்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன் உயரத்தில் இருக்கும் ஒருத்தி செய்யும்போதுதான் 'நானும்' என்ற ஆசை வருகிறது.

"மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடுகிறதே?" வகுப்பில் ஓடுகிறவன், கத்துகிறவன், அழுகிறவன் எத்தனை பேர்! அவர்களை அனுப்பச் சொல்லி யாரும் கையெழுத்து வாங்கவில்லையே.

"சும்மா உட்கார வைத்தால் போதுமா?" போதாது. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார வைப்பதும் தனி அறைதான். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, 'அவள் எப்படிச் செய்கிறாள் பார்' என்று காட்ட சிறப்பாசிரியர் வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி பேசும் நண்பர்கள் வேண்டும், அவர்களுக்குத் தனிப்பள்ளி பொருந்தலாம். அதைக் காட்டி இவனை ஒதுக்காதீர்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16-ஐப் படியுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் எங்கள் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்து, மற்ற பிள்ளைகளோடு படிக்கவும் விளையாடவும் வைக்க வேண்டும் என்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பில் எல்லோரையும் அழைத்துவிட்டு என் மகளை மட்டும் விட்டவர்களிடம்கூட நான் எதுவும் கேட்டதில்லை. வகுப்பறையை மட்டும் விட மாட்டேன்.

அந்தப் பள்ளியின் பெற்றோர் சிலர் என் நட்பில் இருக்கிறீர்கள். மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தால் திரும்பப் பெறுங்கள். போடாதவர்கள் திங்கட்கிழமை அவன் அம்மாவோடு பள்ளிக்குப் போங்கள்.